அயர்லாந்துக்காரர் கல்லில் எங்கள் பெயர்கள்

எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். மாதா கோயில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரைக்கும் படித்தேன், பிறகு பள்ளிக்கூடத்தையே மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் தமிழில் நான் இவ்வளவு நீளமாக எதையும் எழுதினதில்லை. ஞாபகமும் முன்போல இல்லை. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து வேறொன்றில் போய் நிற்பேன். ஆனாலும் எங்கள் வீட்டில் அன்றைக்கு அந்தக் குழி ஓரத்தில் நின்றவர்களில் இப்போது உயிரோடு இருப்பது நான்தான். அதனால் நான்தான் எழுதியாக வேண்டும். யார் பெயரையும் எழுதவில்லை. மகள் வேண்டாம் என்றாள், காலம் அப்படி.

ரங்கூனில் பசுந்தாங் பேட்டையில், ஓடைக்குப் போகிற தெருவில், நாலாவது மாடியில் இருக்கிறோம். நான், மகள், பேத்தி. மகள் லத்தாவில் மொத்தத் துணிக்கடை ஒன்றில் வேலை செய்கிறாள். பேத்தி பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறாள். அவளுக்குத் தமிழ் விளங்கும், பேசினால் பாதி பர்மியம். என்னைப் பாட்டி என்று சொல்லாமல் அப்வா என்று பர்மியத்தில்தான் கூப்பிடுவாள்.

மழை ஓய்கிற சமயம் ஒருநாள் பேத்தி போனில் ஒரு படத்தைக் காட்டி, இது நம் கல்லறைதானே என்று கேட்டாள். ஆமாம், எங்கள் கல்லறைதான். மேலே இங்கிலீஷில் உளியால் வெட்டிய எழுத்து. ஒரு வெள்ளைக்காரர் பெயர், அயர்லாந்தில் அவர் பிறந்த ஊர், வயது. அதற்குக் கீழே தமிழில், கறுப்புப் பெயிண்டில், மூன்று பெயர். என் தாத்தா, என் அம்மா, என் வீட்டுக்காரர். கல்லறைத் திருநாளுக்கு முன்னால் மகள் வருஷா வருஷம் அந்தப் பெயிண்டைப் புதுப்பிப்பாள். அந்த நல்ல கல்லில் இடம் மிச்சம் இருந்தது, எழுதிக்கொண்டோம். அது எங்களுக்கு ஒரு விஷயமாகவே தோன்றினதில்லை.

யாரோ இந்த ஊர்ப் பழைய கல்லறைகளைப் படம் பிடித்து இன்டர்நெட்டில் போட்டிருக்கிறார்கள். அதை இங்கிலாந்தில் ஒரு அம்மாள் பார்த்திருக்கிறார். தன் அம்மா வழிக் குடும்பத்தின் வம்சத்தைத் தேடிக்கொண்டிருப்பவர். இங்கிலாந்திலிருந்து அயர்லாந்துக்குப் போய், ராஜா கொடுத்த நிலத்தில் குடியேறிய குடும்பமாம். அப்பன், பிள்ளை, பேரன் என்று எல்லாருக்கும் ஒரே பெயரை மாற்றி மாற்றி வைத்திருப்பதால் யார் யார் என்று பிரிக்கவே அவருக்குப் பல வருஷம் ஆகிவிட்டதாம். அதில் ஒரு மூன்றாவது மகன் ரங்கூனுக்கு வேலைக்கு வந்தவர், அப்புறம் தகவல் இல்லை. வம்சப் படத்தில் அவருக்குக் கீழே கேள்விக்குறி. எங்கள் கல்லைப் பார்த்ததும், அங்கே யாரையோ பிடித்துத் தமிழை வாசிக்கச் சொல்லி, கேள்விக்குறியை அழித்துவிட்டு என் தாத்தாவை அவருக்கு மகனாகவும், என் அம்மாவைப் பேத்தியாகவும் எழுதிவிட்டார். கோயிலில் விசாரித்து எங்கள் வீட்டையும் கண்டுபிடித்துவிட்டார். நேரில் வருவதாகச் செய்தி வந்தது.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் தாத்தா அந்த வெள்ளைக்காரருக்கு மகன் இல்லை. ஒரு சம்பந்தமும் இல்லை.

நடந்தது இதுதான். ஊருக்குள் இருந்த பழைய கல்லறைத் தோட்டத்தில் கத்தோலிக்கர் பகுதி முடிகிற ஓரத்தில் என் தாத்தா கிடந்தார். மரச் சிலுவைதான். நடுவில் ஒரு குரோட்டன்ஸ் வேலி. அதற்கு அந்தப் பக்கம் வேறு சபைக்காரர்கள், முதல் கல்லறை அந்த வெள்ளைக்காரருடையது. அவருக்கென்று யாரும் வந்து நாங்கள் பார்த்ததில்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கல்லறைத் திருநாளில் நம் கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்றினால், ஆள் வராத பக்கத்துக் கல்லறைக்கும் ஒன்று வைக்க வேண்டும். பக்கத்தில் இருட்டாக இருந்தால் நம்ம ஆளுக்கு எப்படித் தூக்கம் வரும் என்பாள் அம்மா. அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அவருக்கு மெழுகுவர்த்தி வைக்கிறது அவள் வேலையாம். வேலிக்குள் கையை விட்டு வைப்பாளாம்.

பிறகு ஒரு சமயம் அந்தத் தோட்டத்தைக் காலி பண்ணச் சொல்லி உத்தரவு வந்தது. சொந்தக்காரர்கள் எலும்பை எடுத்துக்கொண்டு போய் ஊருக்கு வெளியே புது இடத்தில் புதைத்துக்கொள்ளலாம். யாரும் கேட்காத கல்லறைகள் அப்படியே மண்ணாகிவிடும். என் மகள் அப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. அம்மா கிழவியாகிவிட்டாள், நான்தான் கைப்பிடித்துக் கூட்டிப்போனேன். தாத்தாவின் எலும்பை எடுத்து மண்பானையில் போட்டாயிற்று. கிளம்பலாம் என்றால் அம்மா நகரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டி, அவரும் எங்க ஆளுதான் என்று அங்கே நின்ற அதிகாரியிடம் பர்மியத்தில் சொன்னாள். அவர் கல்லைப் பார்த்தார், அம்மாவின் கறுப்பு முகத்தைப் பார்த்தார், சிரித்தார். என்ன உறவு என்றார். தாத்தா என்றாள் அம்மா. இந்த ஊரில் அப்படி இல்லாமலா என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொரு பானையில் அவரையும் எடுத்துக்கொள்ள விட்டுவிட்டார்.

புது இடத்தில் குடும்பத்துக்கு ஒரு குழி. அடியில் இரண்டு பானைகளையும் அருகருகே வைத்து, மேலே அவர் கல்லையே நட்டோம், எங்களுக்கென்று கல் இல்லையே. பிறகு அம்மா போனபோது அதே குழியில் பானைகளுக்கு மேலே வைத்தோம். என் வீட்டுக்காரரை அம்மாவுக்கு மேலே. அடுத்தது நான்.

ஆகவே எனக்கு இரண்டு பக்கமும் பயம். சொந்தம் என்றால், அவரை ஊருக்குக் கொண்டுபோகிறேன், குழியைத் திறங்கள் என்று கேட்கிற உரிமை அந்த அம்மாளுக்கு வந்துவிடும். சொந்தம் இல்லை என்றால், பொய்யாக வாங்கின இடம் என்று கல்லறையே எங்களுடையது இல்லை என்று ஆகிவிடுமோ? என் அம்மா பொய்க்காரி என்று ஆகிவிடுவாளே.

மகளிடம் இதைச் சொன்னேன். அவள் துணியை மடித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"சொந்தமாவே இருந்துட்டுப் போகட்டும்மா. வெள்ளைக்காரங்க சொந்தம்னா நாளைக்கு நம்ம புள்ளைக்கு ஒரு வழி பிறக்கும். நீ வாயத் தொறக்காத. உனக்குத்தான் அது நல்லா வருமே."

நான் யாரிடமும் அதிகம் பேசாதவள் என்பதைத்தான் குத்திக்காட்டினாள்.

அந்த அம்மாள் வந்தார். வெளிநாட்டுக்காரர் வீடு தேடி வருவதே இப்போது அபூர்வம். வார்டு ஆபீஸில் என்ன கேட்பார்களோ என்று மகள் காலையிலேயே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். வந்த அம்மாளுக்கு அறுபது வயசுக்கு மேல் இருக்கும். வெள்ளை முடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருந்தார். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கி, சிரித்துக்கொண்டே ஏறி வந்தார். கரண்டு இல்லை. விசிறியைக் கொடுத்தேன். அவர் அதை எனக்கு வீசினார்.

தரையில் ஒரு பெரிய காகிதத்தை விரித்தார். அதுதான் வம்சம். மேலே முதலில் அயர்லாந்துக்கு வந்தவர். அவருக்குக் கீழே கிளை கிளையாகப் பிரிந்து இறங்குகிறது. பேத்தி விளக்கிச் சொன்னாள். மூத்தவனுக்கு நிலம், இரண்டாமவனுக்குப் பட்டாளம் அல்லது கோயில் ஊழியம், மூன்றாமவனுக்கு ஒன்றுமில்லை, கப்பல்தான். பெண்பிள்ளைகளை யாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள் என்றுகூடச் சில இடத்தில் இல்லை. அந்தப் பெரிய வீடு ஒரு கலவரத்தில் எரிந்துபோனதாம். பிறகு எல்லாரும் சிதறிவிட்டார்கள். இருக்கிற வரைக்கும் அயர்லாந்தில் அவர்களை இங்கிலீஷ்காரர் என்றார்களாம், இங்கிலாந்துக்குப் போனால் ஐரிஷ்காரர் என்றார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு என் சித்தப்பா பிள்ளைகள் ஞாபகம் வந்தது. இங்கே இருந்தவரை கலா, அதாவது இந்தியாக்காரன், என்று பேச்சு வாங்கினார்கள். தமிழ்நாட்டுக்குப் போனார்கள், அங்கே பர்மாக்காரன் வீடு என்றால்தான் தெரியும்.

காகிதத்தின் ஒரு மூலையில் என் பெயர் இருந்தது. இங்கிலீஷில். பக்கத்தில் பேத்தியின் பெயர் வரைக்கும் இருந்தது. அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது, வேறு காரணத்துக்கு.

அப்புறம் பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயை எடுத்தார். அதில் எச்சில் துப்பிக் கொடுத்தால் ரத்த சொந்தம் தெரிந்துவிடுமாம். மகள் முகம் மாறியது. பேத்தி ஆசையாக என்னைப் பார்த்தாள். நான் குழாயை வாயருகில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. பயத்தில் நாக்கு பலகையாகிவிட்டது. தண்ணீர் குடிக்கக் கூடாதாம். எலுமிச்சம்பழத்தை நினைச்சுக்கோ அப்வா என்றாள் பேத்தி. நினைத்தேன், புளியங்காயையும் நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அந்த அம்மாள் சிரித்து, நாளைக்குக் கல்லறைக்குப் போய் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார். "கேய்சா மஷிபூ" என்று பர்மியத்தில் சொன்னார், பரவாயில்லை என்று. ஹோட்டலில் கற்றுக்கொண்டாராம்.

மறுநாள் டாக்ஸி பிடித்துப் போனோம். மகளுக்கு வேலை, வரவில்லை. போகிற வழியெல்லாம் நான் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு வந்தேன். ஜெபம் மட்டும் நிற்கவில்லை, எத்தனை மணி உருட்டினேன் என்றுதான் தெரியவில்லை. புல் முழங்காலுக்கு வளர்ந்திருந்தது. காவல்காரர் முன்னால் போய் வெட்டி வழிவிட்டார்.

அந்த அம்மாள் கல்லுக்கு முன்னால் முழங்காலிட்டார். விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டு வந்தார். அவர் ஆள் பெயர், பிறகு என் தாத்தா பெயர், அம்மா பெயர். என் வீட்டுக்காரர் பெயரில் விரலை வைத்து, இவர் உங்கள் அண்ணனா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் இருந்தால் அதற்கு ஒரு மாதம் சிரித்திருப்பார். நான் தலையைத் தொங்கப்போட்டேன்.

அப்போதுதான் அவர் வந்த காரியத்தைச் சொன்னார். அயர்லாந்தில் அவர்கள் குடும்பக் கல்லறையில் இந்த மகனின் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு இடம் காலியாகவே விட்டிருக்கிறார்களாம். அந்த அம்மா சாகும்போது, என் பிள்ளை வருவான், விட்டு வையுங்கள் என்றாளாம். அதனால் இவரை அங்கே கொண்டுபோக வேண்டும். சொந்தக்காரியான நான் சம்மதிக்க வேண்டும்.

ஒரு தாய் இடம் விட்டு வைத்திருக்கிறாள் என்றால் என்ன பதில் சொல்வது? காவல்காரர் இதெல்லாம் தினமும் நடப்பதுபோல, திறப்பதென்றால் மேலே இருப்பவரைத்தான் முதலில் எடுக்க வேண்டும், என்றைக்கு ஆள் வரச் சொல்லட்டும் என்று என்னைக் கேட்டார். மேலே இருப்பவர் என் வீட்டுக்காரர். அவருக்குக் கீழே என் அம்மா. என் கண்முன்னாலேயே மண்வெட்டி விழுகிற மாதிரி இருந்தது.

"அவர் நம்ம ஆளு இல்ல," என்றேன்.

பேத்தி திரும்பிப் பார்த்தாள். "என்ன அப்வா?"

"அந்தம்மாகிட்ட சொல்லு. தாத்தாவுக்கும் அவருக்கும் ஒண்ணுமில்ல. எங்கம்மா சும்மா சொன்னா."

"நெசமாவா? அமேக்குத் தெரியுமா?"

"உங்கம்மாவுக்குத் தெரியும். சொல்லு நீ."

அவள் செருப்பால் புல்லைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். வெளிநாட்டுக்குப் போகிற வழி ஒன்று அவள் முன்னால் மூடிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். பிறகு சொன்னாள், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக. அந்த அம்மாள் எழுந்து நின்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கல்லைப் பார்த்தபடி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அப்படியானால் உன் அம்மா ஏன் இவரைத் தூக்கிக்கொண்டு வந்தாள்?

எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்.

"பக்கத்துல இருந்தார்," என்றேன்.

மெழுகுவர்த்தி, குரோட்டன்ஸ் வேலி, அதிகாரி சிரித்தது எல்லாவற்றையும் பேத்தி மூலமாகச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசினது கிடையாது. நாங்கள் கத்தோலிக்கர் என்று கேட்டதும் அந்த அம்மாளுக்கு முதலில் கண் விரிந்தது, பிறகு சிரிப்பு வந்து நிற்கவே இல்லை. பேத்தியிடம் என்ன என்று கேட்டேன்.

"அவங்க வீட்ல கத்தோலிக்கக்காரங்க பின்வாசல் வழியாத்தான் வரணுமாம் அப்வா. இப்ப இவரு நாலு தலைமுறை கத்தோலிக்கக்காரங்களுக்கு அடியில படுத்திருக்காராம்."

நாலு இல்லை, மூன்று என்று திருத்தினேன். அதிலும் என் தாத்தாவுக்கு அடியில் இல்லை, பக்கத்தில்.

டாக்ஸியில் வரும்போது அந்த அம்மாள் தங்கள் குடும்பக் கல்லறையைப் பற்றிச் சொன்னார். இரும்புக் கேட், பெரிய கற்கள், முள்செடி. ஊர்க்காரர் யாரும் அங்கே மெழுகுவர்த்தி வைக்க மாட்டார்கள். வைக்க வேண்டிய காரணமும் அவர்களுக்கு இல்லை, அவர்கள் நிலத்தில்தானே நாங்கள் உட்கார்ந்தோம் என்றார்.

வீட்டுக்கு வந்து காகிதத்தை விரித்து எங்கள் பெயர்களை என்ன செய்வது என்று பென்சிலோடு உட்கார்ந்தார். அழிக்க அவருக்கு மனசில்லை. வைக்கவும் இடமில்லை. மகன், மகள், மனைவி என்று கட்டம் இருக்கிறது, பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கட்டம் இல்லையாம். அப்படியே சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். எச்சில் குழாயை மறந்துவிட்டுப் போய்விட்டார். இப்போது அதில் மகள் ஊசி போட்டு வைத்திருக்கிறாள். சொல்லித்தான் தொலைக்கணுமா என்று இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் கறிவேப்பிலை இருக்கிறதா என்று கேட்டாள், சரியாகிவிட்டது.

எனக்குச் சரியாகவில்லை. போன வாரம் செய்தி வந்தது. அந்த அம்மாளுக்கு எங்கள் குழியைத் திறக்க இஷ்டமில்லை. ஆனால் அவர் ஒருத்தர் முடிவு பண்ணுகிற காரியம் இல்லை. அவர் அண்ணன் இருக்கிறார், தாய் கேட்டது தாய் கேட்டதுதான் என்கிறாராம். அதிலும் தப்பு சொல்ல முடியவில்லை. எப்படியும் திறப்பதானால், இரண்டு பானைகளில் எது அவர்கள் ஆளுடையது என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அதற்காகத்தான் உட்கார்ந்தேன்.

இங்கேதான் எனக்குத் தெளிவில்லை. அவர் இடது பக்கம் என்று அன்றைக்குக் கல்லறையிலேயே அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டேன். டாக்ஸியில் ஏறினதும் சந்தேகம் வந்துவிட்டது. யாருக்கு இடது? நான் கால்மாட்டில் அம்மாவுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேனா, தலைமாட்டிலா? இரண்டு பானையும் ஒரே கடையில் வாங்கினது. ஒன்றுக்கு மட்டும் வாய் உடைந்திருந்தது. அம்மா அதைத் தடவிப் பார்த்து ஏதோ சொன்னாள், மழையில் காதில் விழவில்லை. உடைந்த பானை என் தாத்தாவுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். என் அம்மா வீட்டு ஆளுக்குத்தான் உடைந்ததை வைப்பாள், வந்தவருக்கு நல்லதை வைப்பாள். எங்கள் வீட்டுத் தட்டிலும் தம்ளரிலும் அவள் சாகும்வரை அப்படித்தான். ஆனால் இதை மட்டும் நம்பி ஒருத்தரைக் கப்பலேற்ற முடியுமா? தப்பாகப் போனால் என் தாத்தா, ரங்கூனைத் தாண்டி எங்கேயும் போகாத மனுஷர், தெரியாத ஒரு வெள்ளைக்காரத் தாய்க்குப் பக்கத்தில் போய்ப் படுப்பார். இவர் இங்கேயே கிடப்பார், அந்தத் தாய் வந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.

அன்றைக்கு எங்களோடு அதே லாரியில் பானைகளை மடியில் வைத்துக்கொண்டு இன்னும் சில குடும்பங்கள் வந்தன. எங்கள் கோயில் ஆட்கள்தான். பாதிப் பேர் இப்போது இல்லை, சிலர் மிங்கலா தாங்ஞுன்ட் பக்கம் மாறிப்போனார்கள், சிலர் தமிழ்நாட்டுக்கே போய்விட்டார்கள். இதை வாசிக்கிறவர்களில் யாராவது அன்றைக்கு எங்கள் குழிக்குப் பக்கத்தில் நின்றிருந்தால், அல்லது உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருந்தால், நான் எழுதினது சரியா என்று தயவு செய்து பாருங்கள். வாய் உடைந்த பானை எந்தப் பக்கம், அதில் யார், கிழவி அதைத் தடவி என்ன சொன்னாள். தப்பாக இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், கோயிலில் சொன்னால் எனக்கு வந்து சேரும். அடுத்த மழைக்குள் சொன்னால் நல்லது.